பூனைமீசை, மான்கொம்பு, யானைக்காது: பெயரில் விலங்குள்ள செடிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நர்சரியில் போய் “மயில் செடி இருக்கா?” என்று கேட்டால் மூன்று செடிகளில் எதை வேண்டுமானாலும் எடுத்து நீட்டுவார்கள். மயில்கொன்றை ஆளுயரத்தைத் தாண்டி வளரும் புதர். நாள் முழுக்க வெயில் காய வேண்டும். மயில்மாணிக்கம் ஒரே பருவத்தில் ஏறி, பூத்து, விதை உதிர்த்துக் காய்ந்துபோகும் மெல்லிய கொடி. மயில் கலத்தியாவோ பிரேசில் நாட்டுக் காடுகளில் பெருமரங்களின் அடியில் வளர்ந்து பழகியது. நம் ஊர் உச்சி வெயில் நேராகப் பட்டால் அதன் இலை அன்றைக்கே பொசுங்கிவிடும். பெயரில் மயில் இருப்பதைத் தவிர மூன்றுக்கும் பொதுவாக எதுவுமில்லை.

விலங்கின் பெயரைத் தாங்கிய செடிகளை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். பெயர் பிடித்துப்போகிறது, வீட்டுக்கு வருகிறது, வைத்த இடம் ஒத்துக்கொள்ளவில்லை, 2 மாதத்தில் தொட்டி காலி. அதற்காகப் பெயரைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்பதில்லை. எதைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார்கள் என்று கேட்கப் பழகினால், செடியைப் பற்றிப் பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

பெயர் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலான பெயர்கள் உருவத்தைப் பார்த்து வைத்தவை. பூனைமீசையில் மகரந்தத் தாள்கள் பூவிதழைவிட நீண்டு இருபுறமும் மீசைபோல் விரிந்து நிற்கும். தேள்கொடுக்கில் பூங்கொத்தின் நுனி தேள் வாலைப்போல் சுருண்டிருக்கும். கடற்கரை மணலில் படரும் அடம்புக்கு ஆட்டுக்கால் என்றொரு பெயர் உண்டு. அதன் அறிவியல் பெயரில் உள்ள ‘பெஸ் காப்ரே’ என்பதும் லத்தீனில் ஆட்டுக்கால்தான். சங்கப் பாடல் ஒன்றோ அதே இலையை மானின் அடியோடு ஒப்பிடுகிறது. குளம்பு பிளந்ததுபோன்ற அந்த இலையை ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு எல்லாப் பெயரும் சரியாகவே படும்.

அடுத்தது, எந்த விலங்கு தின்னும், எது தின்னாது என்பதைச் சொல்லும் பெயர்கள். ஆடு தொடாததால் ஆடாதோடை. ஆடு தீண்டாததால் ஆடுதீண்டாப்பாளை. குதிரைக்குத் தீவனமாகப் போட்டதால் குதிரைமசால். இந்த வகைப் பெயர்களைக் கூர்ந்து படிக்க வேண்டும். கண்டதையும் மேய்கிற ஆடே ஒதுக்கிய செடியில் கசப்போ நஞ்சோ இருக்கும்.

மூன்றாவது வகை தமிழில் பரவலாக உள்ள வழக்கம். யானை என்று முன்னால் வந்தால் அந்த இனத்தில் பெரியது என்று பொருள்: நெருஞ்சிலுக்குப் பெரியதாக யானை நெருஞ்சில், கற்றாழைக்குப் பெரியதாக யானைக் கற்றாழை. நாய், நரி என்று வந்தால் பெரும்பாலும் காட்டுத்தனமானது, வீட்டில் பயன்படுவதைப்போலத் தோன்றினாலும் வேறானது என்று கொள்ளலாம்: நாய்வேளை, நாய்த்துளசி, நரிவெங்காயம். நரிவெங்காயம் பார்க்க வெங்காயம்போலவே இருக்கும், ஆனால் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உள்ளது. அந்த ‘நரி’யை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, தேர்வுக்கு நேராக உதவும் கேள்வி: விலங்கின் சாயல் செடியின் எந்த உறுப்பில் இருக்கிறது? இலையிலா, பூவிலா?

சாயல் இலையில் இருந்தால் அந்த அழகு ஆண்டு முழுக்க இருக்கும். அப்படிப்பட்டவற்றில் பல நிழலிலும் தாக்குப்பிடிக்கும், வீட்டுக்குள் வைக்கலாம். சாயல் பூவில் இருந்தால் பூத்தால்தான் அந்தப் பெயருக்குப் பொருள், பூப்பதற்கோ வெயில் வேண்டும். பூவுக்காகப் பெயர் பெற்ற செடியை வரவேற்பறை மூலையில் வைத்தால் பச்சை இலை மட்டுமே மிஞ்சும். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிடக் கைகொடுக்கும் விதி வேறில்லை.

இடத்தில் வெளிச்சம் எவ்வளவு என்று அறியக் கருவி எதுவும் தேவையில்லை. நண்பகலில் செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓர் அடி மேலே உள்ளங்கையைப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் கறுத்த நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். ஓரம் மங்கிய நிழல் என்றால் நடுத்தரம். நிழலே சரியாக விழவில்லை என்றால் அங்கே எந்தச் செடியும் வளராது. பாம்புச் செடிகூடச் சில மாதங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்குமே தவிர வளராது.

பூவில் சாயல் உள்ளவை: வெயிலுக்கு

பூனைமீசையிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இது மிகப் பொருத்தமான செடி. காலையில் 4 மணி நேர வெயிலும் மாலையில் நிழலும் கிடைத்தால் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். வெள்ளையிலும் இளம் ஊதாவிலும் கிடைக்கிறது. 10 முதல் 12 அங்குலத் தொட்டி போதும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம் கலந்து நிரப்பலாம். நீர் குறைந்தால் அரை நாளில் தலை தொங்கிவிடும்; ஊற்றியதும் எழுந்துகொள்ளும், ஆனால் அடிக்கடி இப்படி நடந்தால் கீழிலைகள் பழுத்து உதிரும். பூங்கொத்து முடிந்ததும் அதற்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டினால் புதுக் கிளை வந்து மறுபடி பூக்கும். வெட்டிய குச்சியில் 4 அங்குல நீளத் துண்டைக் கீழிலை நீக்கி ஈர மணலில் செருகினால் 2 முதல் 3 வாரத்தில் வேர் பிடிக்கும். மலேசியாவில் இதை மிசாய் கூச்சிங் என்கிறார்கள். மலாய் மொழியிலும் அது பூனைமீசைதான். அங்கே இலையைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் உண்டு. சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

பூனைவால் செடி வேறு குடும்பம். சிவப்பு வெல்வெட் கயிறுபோல ஓர் அடிக்கு மேலும் தொங்கும் அந்த வாலில் இதழே கிடையாது, அத்தனையும் பெண்பூக்கள். தெருவோரக் குப்பைமேனியும் இதே பேரினம்தான். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயர். அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனைகள் தேடி வந்து முகர்ந்து புரளும். பூனைவாலுக்கு மாவுப்பூச்சி எளிதில் வரும். வாலின் அடியிலும் இலைக் கணுவிலும் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒரு முறையாக 3 முறை செய்ய வேண்டும். ஒரே முறையோடு நிறுத்தினால் முட்டையிலிருந்து வருபவை தப்பிவிடும்.

இறால் செடியை அருகில் போய்ப் பார்த்தால் பெயர் வைத்தவரின் கண்ணைப் பாராட்டத் தோன்றும். கிளை நுனியில் செம்புநிறச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று ஓடுபோல் அடுக்கி, வேக வைத்த இறாலின் முதுகாகவே வளைந்து தொங்கும். அவை பூவல்ல, பூவடிச் செதில்கள். உண்மையான பூ அவற்றின் இடுக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய வெள்ளைக் குழல்; கீழுதட்டில் அரக்கு நிறப் புள்ளிகள் இருக்கும். அந்தப் பூ சில நாளில் உதிர்ந்துவிடும், செதில்கள் வாரக்கணக்கில் நிற்கும். ஆகவே பூ உதிர்கிறதே என்று பதறி உரம் போட வேண்டியதில்லை. செதில் கறுக்கத் தொடங்கும்போது வெட்டினால் போதும். மெக்சிகோவைச் சேர்ந்த இச்செடியும் நம் ஆடாதோடையும் ஜஸ்டிசியா என்ற ஒரே பேரினம். இரண்டின் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு உதடாகப் பிளந்த அந்த அமைப்பில் உறவு தெரியும். இறால் செடிக்குக் காலை வெயில் 3 முதல் 4 மணி நேரம் வேண்டும். உச்சி வெயிலில் செதில் வெளுக்கும்; இருட்டில் தண்டு நீண்டு ஒடியும். இளம் கிளையின் நுனியை 2, 3 முறை கிள்ளிவிட்டால் புதராக அடர்ந்து, ஒன்றுக்குப் பத்தாக ‘இறால்’ தொங்கும். தேன்சிட்டு தேடி வரும் செடி இது.

மயில்கொன்றையைத் தரையில் வைப்பதே நல்லது. விதையை ஒரு முனையில் உரசி, வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் முளைக்கும். அப்படியே போட்டால் தோல் கெட்டியாக இருப்பதால் பல விதைகள் மண்ணிலேயே கிடக்கும். தண்டில் முள் உண்டு, நடைபாதை ஓரத்தில் வேண்டாம். பூ ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் அடுத்த சுற்று அடர்த்தியாக வரும். மயில்மாணிக்கத்துக்கு விதையை ஊறவைத்து, கம்பி வலையோரம் ஒரு சாண் இடைவெளியில் போட்டால் வேலை முடிந்தது. தோகைபோல் கீறிய இலையும் சிவப்பு நட்சத்திரப் பூவும் கொண்ட இக்கொடியின் அறிவியல் பேரினம் ஐப்போமியா. கிரேக்கத்தில் ‘புழுவைப் போன்றது’ என்று பொருள். நெளிந்து ஏறும் தண்டைப் பார்த்து அவர்கள் புழு என்றார்கள், இலையையும் பூவையும் பார்த்து நம்மவர்கள் மயில் என்றார்கள். விதை தானே கொட்டி முளைக்கும், அதனால் வேண்டாத நாற்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும்.

சொர்க்கப் பறவை என்று ஸ்ட்ரெலிட்சியாவை வீட்டுக்குள் வைக்கச் சொல்லி விற்கிறார்கள். பெரிய இலை அழகுதான், ஆனால் பறவை பூவில் இருக்கிறது. விதையிலிருந்து வளர்த்தால் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும், அதுவும் நல்ல வெயிலில். அறைக்குள் பறவையை எதிர்பார்க்க வேண்டாம். சமவெளியில் அந்தச் சாயல் வேண்டுமென்பவர்கள் கிளி ஹெலிகோனியாவை 16 அங்குலத் தொட்டியில் வெயிலில் வைக்கலாம். விரைவில் பூக்கும், நீர் மட்டும் குறையக் கூடாது.

இலையில் சாயல் உள்ளவை: வீட்டுக்குள்

பாம்புச் செடியில் தொடங்காத வீட்டுத் தோட்டக்காரர் குறைவு. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இதை நீண்டகாலம் சான்செவியேரியா என்றார்கள். இப்போது டிரசீனா பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள், ஆகவே இரண்டு பெயரிலும் விற்கும். இதன் நெருங்கிய உறவு நம் மண்ணிலேயே இருக்கிறது: மருள். அதன் இலை நாரிலிருந்து வில்லுக்கு நாண் திரித்தார்கள். கோடுபோட்ட மருள் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், வறட்சியை இன்னும் நன்றாகத் தாங்கும்.

பாம்புச் செடி சாகிறதென்றால் அநேகமாக நீர் அதிகமாகித்தான். இலையின் அடி கூழாகி, பிடித்து இழுத்தால் கையோடு வந்து, அழுகல் வாடை வீசும். தொட்டி மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் சிறிதும் இல்லையென்றால் மட்டும் ஊற்றுங்கள். கோடையில் 10 முதல் 14 நாளுக்கு ஒரு முறை, மழைக்காலத்தில் 3 வாரத்துக்கு ஒரு முறை என்பது தோராயக் கணக்கு. இரண்டு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம் போதும். பெரிய தொட்டியில் போட்டால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும். வேர்க்கட்டைவிட ஓர் அங்குலம் அகலமான மண்தொட்டியே சிறந்தது.

இலையைத் துண்டு போட்டும் இதைப் பெருக்கலாம். 3 அங்குலத் துண்டுகளாக வெட்டி, எது கீழ்ப்பக்கம் என்று குறித்து, 2, 3 நாள் நிழலில் உலர்த்தி, ஈர மணலில் ஓர் அங்குலம் ஆழத்தில் நடுங்கள். தலைகீழாக நட்டால் வேர் வராது. வேர்விட 1 முதல் 2 மாதம், குட்டி தலைகாட்ட இன்னும் சில மாதம் ஆகும். மஞ்சள் விளிம்புள்ள வகையை இப்படிச் செய்தால் குட்டி வெறும் பச்சையாகத்தான் வரும். அந்த மஞ்சள் இலையின் ஓர் அடுக்கில் மட்டும் இருப்பது. துண்டிலிருந்து எழும் புதுச் செடிக்கு அது போவதில்லை. மஞ்சள் விளிம்பு வேண்டுமானால் கிழங்கோடு பிரித்து நடுவது ஒன்றே வழி.

இரவில் ஆக்சிஜன் தரும் என்று சொல்லி இதைப் படுக்கையறைக்கு விற்கிறார்கள். இரவில் இது இலைத் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்வது உண்மை. ஆனால் ஆக்சிஜன் உருவாவது வெளிச்சம் இருக்கும்போதுதான். செடிகள் அறைக் காற்றைச் சுத்தமாக்கும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், 1989-இல் வெளியான நாசா ஆய்வும் காற்றுப்புகாத அறைக்குள் நடந்தது, கதவும் ஜன்னலும் திறந்து மூடும் வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அழகுக்காக வாங்குங்கள். இன்னொன்று: இந்தச் செடி பாம்பை வரவழைக்காது, நாகமல்லி விரட்டாது. பாம்பு வருவது எலியையும் தவளையையும் தேடி; தொட்டிகளுக்கு அடியில் கல்லும் ஓடும் குவிந்திருந்தால் அதை அகற்றுவதுதான் பலன் தரும்.

ஸ்பைடர் பிளான்டில் எல்லோரும் கேட்கும் குறை இலை நுனி காய்வது. போர் தண்ணீரில் உள்ள உப்பும் ஃபுளோரைடும் இலை நுனியில் போய்த் தங்குவதே பெரும்பாலும் காரணம். மழைநீர் பிடித்து ஊற்றலாம். இல்லையென்றால் 2 மாதத்துக்கு ஒரு முறை தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு நீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே வடியவிட்டு உப்பைக் கழுவலாம். தொங்கும் குட்டிகளைத் தாய்ச் செடியோடு இருக்கும்போதே பக்கத்துத் தொட்டி மண்ணில் பதித்து, 3 வாரம் கழித்து வெட்டிவிடுங்கள். கிழங்குபோல் பருத்த வேர்கள் பிளாஸ்டிக் தொட்டியையே பிதுக்கும். அது அடுத்த அளவுத் தொட்டிக்கு மாற்ற வேண்டிய அறிகுறி.

மயில் கலத்தியாவை முதல் செடியாக வாங்காதீர்கள். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் இலை விளிம்பு சுருளும், ஏசி அறையில் நிச்சயம் சுருளும். உப்பு நீரும் அதற்கு ஆகாது. ஸ்பைடர் பிளான்டை நுனி காயாமல் ஓராண்டு வைத்திருக்க முடிந்தால் பிறகு கலத்தியாவுக்குப் போகலாம்.

மான்கொம்புப் பெரணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் அதைத் தொட்டி மண்ணில் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். இது மரக்கிளையில் ஒட்டி வாழும் செடி, மரத்தை உறிஞ்சாது. இரண்டு வகை இலைகள் உண்டு. கொம்புபோல் பிரிந்து நீள்பவை ஒன்று. அடியில் வட்டமாகக் கேடயம்போல் மூடிக்கொள்பவை மற்றொன்று. கேடய இலை சில மாதத்தில் பழுப்பாகும். காய்ந்துவிட்டதென்று அதைப் பிய்க்கக் கூடாது. வேரை மூடிக் காப்பதும் ஈரம் பிடித்து வைப்பதும் அதுதான். கொம்பிலையின் மேல் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும் மெல்லிய ரோமத்தையும் தூசி என்று துடைக்க வேண்டாம், வறட்சியிலிருந்து காப்பது அது. கொம்பு நுனியின் அடிப்பக்கம் பழுப்பு வெல்வெட்டாகப் படிவது நோயல்ல, விதைத்தூள்.

பலகையில் கட்டும் முறை இது. ஓர் அடிச் சதுரமான, வேம்புபோன்ற கெட்டி மரப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் வட்டமாக 6, 8 ஆணி அடித்துத் தலையைச் சற்று வெளியே விடுங்கள். ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் மட்டை நாரை உள்ளங்கை அளவுக்கு மேடாக வையுங்கள். செடியின் வேரில் உள்ள பழைய மண்ணைப் பாதியாவது உதிர்த்து, அதன்மேல் உட்கார வையுங்கள். தூண்டில் நரம்பை ஆணிக்கு ஆணி குறுக்கே இழுத்துக் கேடய இலையின் மேலாகக் கட்டுங்கள். நடுவில் புது இலை கிளம்பும் பச்சை மொட்டின் மேல் நரம்போ நாரோ படக் கூடாது. பட்டால் அது கறுத்து அழுகும், செடிக்கு வேறு மொட்டு இல்லையென்றால் அத்தோடு முடிந்தது. கோடையில் வாரம் இரண்டு முறை, மற்ற காலத்தில் ஒரு முறை பலகையோடு 10 நிமிடம் நீரில் அமிழ்த்தி, வடியவிட்டு மாட்டுங்கள். பலகை கைக்குக் கனமாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். சில வாரத் தூக்கிப் பார்ப்பிலேயே எடை பழகிவிடும்.

யானை என்ற ஒரே பெயரில் நீர் வேண்டுவதும் வேண்டாததும்

யானைக்காது என்று விற்பவற்றில் இரண்டு பேரினங்கள் கலந்திருக்கும். கொலக்கேசியா நம் சேப்பங்கிழங்கின் இனம்: இலை நுனி தரையைப் பார்த்துத் தொங்கும், காம்பு இலையின் விளிம்பில் சேராமல் சற்று உள்ளே சேரும். வாய்க்கால் ஓரத்துச் செடி, தொட்டியின் அடித்தட்டில் நீர் நின்றாலும் கவலைப்படாது. அலக்கேசியாவின் பெரிய வகைகளில் இலை நுனி பெரும்பாலும் மேல்நோக்கி நிற்கும், காம்பு பிளவின் அடியிலேயே சேரும். அதற்கு ஈரம் வேண்டும், ஆனால் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். காம்பு சேரும் இடத்தைப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

இரண்டிலும் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. நன்றாக வேகாத சேப்பங்கிழங்கு நாக்கில் அரிப்பதை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். தவழும் குழந்தையும் இலையைக் கடிக்கும் நாயும் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள், அல்லது வேறு செடி பாருங்கள்.

யானைப் புதர் இதற்கு நேர் எதிர். தென் ஆப்பிரிக்காவில் யானைகள் விரும்பி மேய்வதால் வந்த பெயர். நீர் மிகக் குறைவாகப் போதும், வெயில் தாங்கும், கிளையை ஒடித்து 2 நாள் உலர்த்திச் செருகினால் வேர்விடும். நம் நர்சரிகளில் இதைப் பெரும்பாலும் ஜேட் என்ற பெயரில் விற்கிறார்கள். உண்மையான ஜேட் கிராசுலா. அதன் இலை இதைவிடப் பெரியது, கட்டை விரல் அளவுக்குத் தடித்திருக்கும். யானைப் புதரின் இலை விரல் நகம் அளவுதான், தண்டு செம்பழுப்பு. வேறுபாடு முக்கியம்: யானைப் புதர் நாய், பூனைகளுக்குத் தீங்கில்லாதது, கிராசுலா அவற்றுக்கு ஆகாது.

வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பெயரில் விலங்கு இருப்பதால் அது விலங்குக்கு ஏற்றது என்றாகாது. டைகர் லில்லியின் ஒரு துண்டு இலையோ மகரந்தத் தூளோ போதும், பூனையின் சிறுநீரகம் செயலிழக்க. பூனை உள்ள வீட்டுக்குள் அதைப் பூச்சாடியில்கூடக் கொண்டுவர வேண்டாம். ஸ்பைடர் லில்லி வேறு குடும்பம் என்றாலும் அதன் கிழங்கு வாந்தி வரவைக்கும். பாம்புச் செடியும் தின்றால் வாந்திதான். ஸ்பைடர் பிளான்ட், மயில் கலத்தியா, மான்கொம்பு மூன்றும் பாதுகாப்பானவை.

முயல்காதுக் கள்ளி குழந்தைகளைக் கையிழுக்கும். மென்மையான பொன்னிறப் புள்ளிகளாகத் தெரிபவை அத்தனையும் கண்ணுக்குத் தனியாகப் புலப்படாத கொக்கி முட்கள். ஒரு தடவலில் நூற்றுக்கணக்கில் தோலில் ஏறும். ஏறிவிட்டால் தேய்க்காமல் செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி உரிக்க வேண்டும்.

ஆடாதோடை வேலிக்கு அருமையான செடி. 6 முதல் 8 அங்குலக் குச்சிகளை மழை தொடங்கும் சமயம் ஒன்றரை அடி இடைவெளியில் நட்டால் ஓராண்டில் ஆடு நுழையாத வேலி கிடைக்கும். கர்ப்பிணிகள் இதன் கஷாயத்தைத் தவிர்க்க வேண்டும். கருப்பையைச் சுருங்க வைக்கும் வேதிப்பொருள் இதில் உண்டு. ஆடுதீண்டாப்பாளையை வைத்தால் கருஞ்சிறகும் சிவந்த உடலும் கொண்ட வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட வரும். புழு இலையைத் தின்பதைப் பார்த்து மருந்தடித்துவிடாதீர்கள், அதற்காகத்தான் அந்தச் செடியே. ஆனால் அதன் எந்தப் பகுதியையும் மனிதர் உட்கொள்ளக் கூடாது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். தேள்கொடுக்கும் அப்படியே: பூச்சிகளுக்கு விருந்து, மனிதர் ஈரலுக்கு நஞ்சு.

நடவே வேண்டாதவையும் உண்டு. உண்ணிச்செடியின் பூ எத்தனை வண்ணத்தில் வந்தாலும் வாங்காதீர்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காட்டுக்குக் கொண்டுபோகும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் புல்லையும் இளமரக் கன்றுகளையும் எழவிடாமல் அது மூடிக் கிடப்பது நாம் கண்ணால் காணும் இழப்பு. முதுமலை, கூடலூர் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் வெட்டியெடுத்த அதன் குச்சிகளில் ஆளுயர யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள். அந்தச் செடி அங்கே இருக்க வேண்டிய வடிவம் அதுதான். பூனைக்காலியின் காய்மேல் உள்ள பொன்னிற ரோமம் காற்றில் பறந்து பட்டாலே தோல் பற்றி எரிவதுபோல் அரிக்கும். பசுந்தாள் உரத்துக்கு வேண்டுமானால் ரோமமில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். நாகலிங்கம் பூவின் அழகில் மயங்கி 30 அடிக்கு 40 அடி மனையில் நடுகிறார்கள். அது பெருமரம், பீரங்கிக் குண்டு அளவுக் காய் தலைக்கு மேல் தொங்கும். கோயில் வளாகத்துக்கே அது பொருந்தும்.

வாங்கும் நாளில்

விலங்குப் பெயரோடு நிறுத்தாமல் அறிவியல் பெயரையும் கேளுங்கள். 1753-இல் லின்னேயஸ் வகுத்துத் தந்த இரட்டைப் பெயர் முறை இருப்பதே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். நர்சரிக்காரருக்குத் தெரியவில்லை என்றால் இலை, காம்பு, பூ மூன்றையும் படமெடுத்துச் சரிபார்த்துவிட்டு மறுநாள் வாங்கலாம். தொட்டியைத் தூக்கி அடித்துளையைப் பாருங்கள்: வெள்ளை வேர் நுனி எட்டிப் பார்த்தால் நல்லது, பழுப்பு வேர் வலையாகச் சுற்றிக் கிடந்தால் செடி வெகுநாளாக அதே பையில் கிடக்கிறது. இலையைத் திருப்பிப் பாருங்கள். தண்டை அடியில் லேசாக அழுத்துங்கள், மெத்தென்று அமுங்கினால் வேண்டாம். பூத்துக் குலுங்குவதைவிட மொட்டு நிறைய உள்ளதே தேர்வுக்கு உரியது. பூத்த செடி வண்டியில் வரும் குலுக்கலிலேயே பாதியை உதிர்த்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் 2 வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி, நிழலில் வையுங்கள். மாவுப்பூச்சியும் சிலந்திப்பேனும் இருந்தால் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். முதல் வாரத்திலேயே தொட்டி மாற்றி, உரம் போட்டு, வெயிலில் வைப்பது மூன்று அதிர்ச்சியை ஒரே நேரத்தில் கொடுப்பது. பிறகு ஒரு ஐஸ் குச்சியில் அறிவியல் பெயர், வாங்கிய தேதி இரண்டையும் எழுதித் தொட்டியோரம் செருகுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஒரு கோடையில் வெளுத்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும்.